கேள்விக்குறிக்கு முன்னே ஓர் இடைவெளி

சிடாம் கிரிக்காரர்களுக்கு இடம் எது, வலம் எது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மலாயில் கிரி என்றால் இடது, கானான் என்றால் வலது. கோலமூடா மாவட்டத்தில் சிடாம் கிரி, அண்டைக் கூலிம் மாவட்டத்தில் சிடாம் கானான். இந்த வாரப் பாடத்துக்கு இந்த இரண்டு பெயர்களும் கைகொடுக்கும். ஃபிரெஞ்சு நூல்களில் மேற்கோளை « இப்படித் தொடங்கி, இப்படி முடிப்பார்கள் ». தொடங்கும் குறி கிரி, முடிக்கும் குறி கானான். குறிகளுக்கு உட்பக்கம் சிறு இடைவெளி விட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அது அச்சுப்பிழை அன்று, விதி. அந்த இடைவெளியைக் கணினி எப்படிக் கட்டிக் காக்கிறது என்பதே நம் பாடம்.

ஃபிரெஞ்சுக்காரன் இடைவெளியில் நமக்கென்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு வேலை வந்தது ஒரு நினைவு மலரால்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழைய குடும்பங்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிட்டன. கணினியில் பக்கம் அமைத்துக் கொடுத்தவன் நான். முன்னோர் பெயர்களை வரிசையாக, காற்புள்ளி இட்டு, ஒரே பத்தியாகப் போட்டிருந்தேன். திரையில் அழகாகவே இருந்தது. அச்சாகி வந்ததும் ஒரு வீட்டார் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். “எங்க தாத்தா பேருக்கு முன்னால இனிஷியலே இல்லையே?” இருந்தது. ஆனால் அந்த ஓரெழுத்தும் புள்ளியும் மேல் வரியின் கடைசியில், வேறொருவர் பெயரை ஒட்டி நின்றது. பெயர் மட்டும் கீழ் வரியில் தனியாகத் தொடங்கியது. தமிழனுக்கு முன்னெழுத்து என்பது அப்பா பெயர். அதைப் பிரித்தால் மகனை அப்பனிடமிருந்து பிரித்த மாதிரி. அவர்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை.

அதே மலரில் இன்னொரு கூத்து. வாழ்த்துரை எழுதியவர் ‘வாழ்க’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, உணர்ச்சிக்குறி போட்டிருந்தார். ‘வாழ்க’ ஒரு வரியில் முடிந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் ‘!’ மட்டும் ஒற்றை மூங்கில் போல நின்றது.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “தம்பி, எங்க காலத்துல இப்படி நடக்காது. ஸ்பேஸ் போடுறதும் நாங்க, வரி உடைக்கிறதும் நாங்க. ஆச்சரியக்குறியத் தனியா கீழ எறக்குனா ஃபோர்மேன் ஸ்டிக்காலயே அடிப்பாரு,” என்றார். இந்த வார்த்தையில் பாதிப் பாடம் அடங்கியிருக்கிறது. அவர் காலத்தில் இடைவெளி என்பது ஒரு பொருள். எழுத்தைவிட உயரம் குறைந்த, மை படாத ஈயத் துண்டு. மெல்லியது, நடுத்தரம், தடித்தது என்று அளவு அளவாகப் பெட்டியில் கிடக்கும். கம்பாசிட்டர் எதை எடுப்பது என்று யோசித்துத்தான் எடுப்பார். ஃபிரெஞ்சு மொழி இதை இலக்கணத்திலேயே பதிந்து வைத்திருக்கிறது. ‘எஸ்பாஸ்’ என்ற சொல் வெட்டவெளியைக் குறித்தால் ஆண்பால். அச்சகத்தின் ஈயத் துண்டைக் குறித்தால் பெண்பால். இன்றும் பக்கம் அமைப்பவர்கள் பெண்பாலில்தான் சொல்கிறார்கள்.

கணினியிலோ இடைவெளி என்றால் நமக்கு ஒன்றே ஒன்றுதான்: விசைப்பலகையின் நீளப் பட்டை. அகலம் எவ்வளவு, அங்கே வரி உடையலாமா கூடாதா என்ற இரண்டு கேள்விக்கும் அந்தப் பட்டை பதில் சொல்வதில்லை.

ஃபிரெஞ்சு விதிக்கு வருவோம். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் முன்னால் இடைவெளி இல்லை; நம் வழக்கம்போலத்தான். ஆனால் இரட்டை உருவம் கொண்ட குறிகளான அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, உணர்ச்சிக்குறி, கேள்விக்குறி ஆகிய நான்குக்கும் முன்னால் இடைவெளி உண்டு. அதிலும் பேதம் இருக்கிறது. ‘;’ ‘!’ ‘?’ மூன்றுக்கும் முன் மெல்லிய இடைவெளி. முக்காற்புள்ளிக்கு முன் சொற்களுக்கிடையே விடும் முழு இடைவெளி. « » குறிகளுக்கு உட்புறமும் இடைவெளி. இவை எதிலும் வரி உடையக்கூடாது. 1640இல் அரசு அச்சகமாகத் தொடங்கிப் பின்னர் தேசிய அச்சகம் எனப் பெயர் பெற்ற பாரிஸ் நிறுவனத்தின் விதிக்கையேடு இப்படித்தான் வகுக்கிறது. எல்லாரும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. கனடாவின் ஃபிரெஞ்சுக்காரர்கள் முக்காற்புள்ளிக்கு முன் மட்டும் இடம் விட்டு, மற்ற மூன்றையும் ஒட்டியே எழுதுவது வழக்கம்.

இது ஃபிரெஞ்சுக்காரர்களின் தனி விசித்திரமும் அன்று. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் அரைப்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் முன்னால் மெல்லிய இடைவெளி தெரியும். உயரமான குறி கடைசி எழுத்தின் மேல் மோதாமல் இருக்க அது உதவியது. ஆங்கிலம் பிறகு அதைக் கைவிட்டது, ஃபிரெஞ்சு வைத்துக்கொண்டது. ஜெர்மானியர்களுக்கு இது அறவே ஆகாது. குறிக்கு முன் இடம் விட்டு எழுதும் பழக்கத்தைக் கேலி செய்ய ‘ப்ளெங்கன்’ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களுக்கு இந்த இடைவெளியோடு நேரடி உறவு ஏற்பட்ட ஊர் புதுச்சேரி. 1855இல் மூசேயும் துப்புயியும் தொகுத்த தமிழ் – ஃபிரெஞ்சு அகராதியின் முதல் தொகுதி அங்குள்ள மிஷன் அச்சகத்தில் வெளிவந்தது. ஒரே பக்கத்தில் தமிழ்ச் சொல்லும் ஃபிரெஞ்சு விளக்கமும். ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே விடாமல் எழுதிய மொழியும், கேள்விக்குறிக்கு முன்னால்கூட இடைவெளி கேட்கும் மொழியும் ஒரே கோப்புச் சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். 1955இல் புதுச்சேரியில் ஃபிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றிய பிறகு இந்த வேலை இன்னும் நுட்பமானது. 1968இல் ஃபிரான்சுவா குரோ பரிபாடலை ஃபிரெஞ்சில் மொழிபெயர்த்து அந்த நிறுவனத்தின் வழி வெளியிட்டார். சங்க இலக்கியத்தை ஃபிரெஞ்சு உரையோடு அச்சிடும்போது எந்தக் குறி எந்த மொழிக்குச் சொந்தம் என்பது விளையாட்டுக் கேள்வி அன்று.

நம் மலாயாவுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. ஹென்ரி ஃபோக்கோனியே என்ற ஃபிரெஞ்சுத் தோட்டக்காரர் சிலாங்கூரில் 1917இல் வணிக முறையில் முதல் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவல் 1930இல் ஃபிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. பால்மரத் தோட்டத்தைப் பற்றிய கதை பாரிஸ் வாசகரிடம் போனபோது, கேள்விக்குறிக்கு முன்னால் இடம் விடும் அச்சு மரபுக்குள்தான் போனது.

இப்போது கணினிக்குள் இறங்குவோம். 1977இல் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு கனூத், தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த ப்ரூஃபைப் பார்த்து மனம் நொந்தார். பழைய ஈய எழுத்தின் அழகு அதில் இல்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். கணிதக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் இன்றும் பெரும்பாலும் டெக் அல்லது அதன் மேல் கட்டப்பட்ட லாடெக் வழியாகத்தான் வருகின்றன.

டெக் ஒரு பத்தியை மூன்று வகைப் பண்டங்களாகப் பார்க்கிறது: பெட்டி, பசை, தண்டம். ஒவ்வோர் எழுத்தும் ஒரு பெட்டி. சொற்களுக்கிடையே உள்ள இடைவெளி பசை. அது நீளும், சுருங்கும். ஓரிடத்தில் வரியை உடைத்தால் எவ்வளவு ‘அபராதம்’ என்று சொல்லும் எண் தண்டம். 10,000 என்றால் அங்கே உடைக்கவே கூடாது. கழித்தல் 10,000 என்றால் உடைத்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எந்த எண்ணும் இருக்கலாம். பத்தி முழுவதையும் பார்த்து, மொத்த அவலட்சணம் எங்கே குறைவோ அப்படி வரிகளை உடைக்கும் முறையை கனூத்தும் மைக்கேல் பிளாசும் 1981இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வரிவரியாக உடைத்துக்கொண்டே போகும் சாதாரண மென்பொருளுக்கும் டெக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது.

என் மலரில் நடந்த தவறு இப்போது புரிந்திருக்கும். முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே இருந்தது சாதாரணப் பசை. அதன்மேல் தண்டம் எதுவும் இல்லை. மென்பொருள் அங்கே உடைத்தது அதன் குற்றம் அன்று. டெக்கில் ‘~’ என்ற அலைக்குறியைத் தட்டினால் போதும். அது 10,000 தண்டத்தையும் ஓர் இடைவெளியையும் சேர்த்து வைக்கும். கனூத் இதற்கு வைத்த பெயர் ‘கட்டு’. பொருத்தமான பெயர்.

ஃபிரெஞ்சுக்கு இது மட்டும் போதாது. ஒவ்வொரு கேள்விக்குறிக்கு முன்னாலும் ஆசிரியர் அளந்து அளந்து தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் லாடெக்கின் பன்மொழித் தொகுப்பான பேபலில், தானியூ ஃப்ளீப்போ பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் ஃபிரெஞ்சுப் பகுதி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. பழைய உத்தி இப்படி: ‘?’ என்பதை வெறும் எழுத்தாக விடாமல் ஒரு கட்டளையாக மாற்றிவிடுவது. டெக்கில் இதற்கு ‘உயிர்ப்புள்ள எழுத்து’ என்று பொருள்படும் பெயர் உண்டு. நீங்கள் ‘?’ தட்டியதும் அந்தக் கட்டளை ஓடும். முன்னால் பசை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைப் பிய்த்து எடுக்கும். அந்த இடத்தில் 10,000 தண்டமும் ஒரு மெல்லிய இடைவெளியும் வைக்கும். கடைசியாகக் குறியைப் போடும். இடமே விடாமல் தட்டியிருந்தாலும் தானாக இடம் சேர்த்துக்கொள்ளும். இடம் விட்டோமா இல்லையா என்ற கவலை தட்டுபவருக்கு இல்லை.

சங்கடம் வேறு பக்கத்திலிருந்து வரும். முக்காற்புள்ளி வாக்கியத்தில் மட்டுமா வருகிறது? காலை 10:30 என்று எழுதுகிறோம். இணைய முகவரியில் வருகிறது. படம் வரையும் கட்டளைகளுக்குள் வருகிறது. அங்கெல்லாம் அந்தக் கட்டளை கண்மூடிக்கொண்டு ஓடினால் ‘10 :30’ என்று அசிங்கமாக நிற்கும், அல்லது வேறொரு தொகுப்போடு முட்டிக்கொண்டு வேலையே நின்றுபோகும். அதனால்தான் தானியங்கி இடைவெளியை நிறுத்தவும் ஒரு விசை கொடுத்திருக்கிறார்கள். அதை அணைத்துவிட்டால், நீங்கள் இடம் விட்ட இடத்தில் மட்டும் அதைச் சரியான, உடையாத இடைவெளியாக மாற்றும். விடாத இடத்தில் தலையிடாது. என் கருத்தில் கவனமாகத் தட்டுபவர்களுக்கு இதுவே நல்லது. மனிதன் முடிவெடுக்கிறான், இயந்திரம் அளக்கிறது.

ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக் வேறு வழி காட்டியது. யூனிகோடு எழுத்துகளை நேரடியாக ஏற்பதால் தமிழுக்கும் அது பெரிய வரம். அதில் எழுத்துகளை வகுப்புகளாகப் பிரிக்கலாம். ஒரு வகுப்பு எழுத்தை அடுத்து இன்னொரு வகுப்பு எழுத்து வந்தால் நடுவே இன்னது செருகு என்று சொல்லி வைக்கலாம். இங்கே கேள்விக்குறி கேள்விக்குறியாகவே இருக்கிறது, கட்டளையாக மாறுவதில்லை, மோதல் குறைகிறது. ‘?!’ என்று இரண்டு குறி சேர்ந்து வந்தால் முதல் குறிக்கு முன் மட்டும் இடம் விட்டு, நடுவில் விடாமல் இருக்கவும் இதில் சுலபம். லுவாடெக் இன்னும் ஒரு படி மேலே போய், கோத்து முடித்த சரத்தையே கையில் கொடுக்கிறது. முக்காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று பார்த்து முடிவெடுக்கலாம். 10:30ஐ மணி என்று கண்டுகொள்ள இது போதும்.

புதுச்சேரிச் சிக்கல் இன்னும் பாக்கி இருக்கிறது. ஃபிரெஞ்சு வாக்கியத்துக்குள் ஒரு தமிழ் வினா: ‘நலமா?’ அதற்கு முன் இடம் விடுவதா? கேள்விக்குறி தமிழ் வாக்கியத்துக்குச் சொந்தம் என்றால் ஒட்டியே போடலாம். வெளி வாக்கியத்துக்குச் சொந்தம் என்றால் « நலமா » என்பதை மூடிவிட்டு, இடம் விட்டுப் போட வேண்டும். வெறும் எழுத்தைப் பார்த்து இயந்திரம் இதைச் சொல்லவே முடியாது. அதனால் பேபலிலும், 2008இல் வந்த பாலிக்ளாசியா தொகுப்பிலும், ‘இங்கிருந்து இதுவரை தமிழ்’ என்று நாமே மொழிக்குறி இட வேண்டும். அந்த எல்லைக்குள் ஃபிரெஞ்சு விதி உறங்கும். வெளியே வந்ததும் விழிக்கும்.

இனி நம்மைத் தொடும் ஒரு வேடிக்கை. டெக்கில் ‘ஃபிரெஞ்சு இடைவெளி’ என்று பொருள்படும் ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து, கேள்விக்குறிக்கு முன் இடம் விடும் கட்டளை என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது அதுவே அன்று. வாக்கியம் முடிந்த பிறகு எவ்வளவு இடம் விடுவது என்பதைப் பற்றியது. பழைய ஆங்கில மரபில் வாக்கிய முடிவில் சற்று அதிகம் இடம் விடுவார்கள். ஃபிரெஞ்சு மரபில் எல்லா இடமும் ஒன்றே. டெக் இயல்பாக ஆங்கில மரபைப் பின்பற்றுகிறது. கனூத்தின் 10 புள்ளி எழுத்துருவில் சாதாரண இடைவெளி 3.33 புள்ளி. முற்றுப்புள்ளிக்குப் பின் அதனோடு 1.11 சேர்ந்து 4.44 ஆகும். போதாதென்று, வரியை இழுத்து நிரப்பும்போது அந்த இடைவெளி மற்றவற்றைவிட மூன்று மடங்கு நீளும்.

அப்படியானால் ஆங்கிலப் பெயர்களின் முன்னெழுத்துகளுக்குப் பின்னும் அகன்ற இடம் வருமே? வராது. கனூத் ஒரு தந்திரம் செய்திருக்கிறார். புள்ளிக்கு முன்னால் பெரிய எழுத்து இருந்தால் அது முன்னெழுத்தாகத்தான் இருக்கும், வாக்கிய முடிவு அன்று என்று டெக் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கு அழகான தீர்வு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? ‘மு. வரதராசனார்’ என்று எழுதினால் ‘மு’ ஒரு வாக்கியத்தின் கடைசி எழுத்து என்று அது நம்பிவிடும். ‘மு.’ முடிந்துவிட்டது, இனிப் புதிய வாக்கியம் என்று நினைத்து அகல இடம் விடும். ‘ரி.ம. 50’, ‘திரு. வி. க.’ எல்லாமே பல் விழுந்த வாய் போலாகும். ஆகவே டெக்கில் தமிழ் அச்சுக்கோப்பவர்கள் முதல் வேலையாக அந்த ஃபிரெஞ்சு இடைவெளிக் கட்டளையைப் போட்டுக்கொள்வது நல்லது. ஃபிரெஞ்சுக்காரரிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது இதைத்தான். கேள்விக்குறிக்கு முன் விடும் இடத்தை அன்று.

டெக் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. யூனிகோட்டில் உடையாத இடைவெளிக்கென்றே தனி எண் உண்டு: 00ஏ0. அதன் மெலிந்த தம்பியின் எண் 202எஃப்; மங்கோலிய எழுத்துக்காக 1999இல் சேர்க்கப்பட்டு, ஃபிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. ஃபிரெஞ்சில் ஆயிரத்தைக் காற்புள்ளியால் பிரிக்காமல் இடைவெளியால் பிரிப்பார்கள்: 1 250. இங்கே சாதாரண இடைவெளி போட்டால் ‘1’ ஒரு வரியிலும் ‘250’ அடுத்த வரியிலும் விழலாம். கணக்கில் ஆயிரம் காணாமல் போகும். 2018இல் உலகளாவிய மொழித் தரவுத் தொகுப்பு, ஃபிரெஞ்சு எண்களுக்குப் பழைய உடையாத இடைவெளியை விட்டு மெலிந்ததற்கு மாறியது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் பழைய எண்ணையே எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த நிரல்கள் தடுமாறின. கண்ணுக்குத் தெரியாத எழுத்து படுத்தும் பாடு இது.

வோர்டில் தட்டுபவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடைவெளிப் பட்டையைத் தட்டினால் உடையாத இடைவெளி விழும். முன்னெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே, ‘ரி.ம.’வுக்கும் தொகைக்கும் நடுவே, ‘5 ஆம்’ என்று பிரித்து எழுதினால் அதன் நடுவே இதைப் போடுங்கள். எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். நாளிதழின் ஒடுங்கிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொற்கள்தான் கொள்ளும். எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் மென்பொருளுக்கு உடைக்க இடமே இருக்காது. நடுவில் ஆறு ஓடுவதுபோல வெள்ளை இடைவெளி விழும். முன்னெழுத்து இரண்டு இருந்தால் நான் கடைசி எழுத்தைப் பெயரோடு கட்டிவிட்டு, முதல் இரண்டுக்கும் நடுவே நிலைமையைப் பார்த்து முடிவு செய்வேன். பெயர்ப் பட்டியல் என்றால் மட்டும் தயவுதாட்சண்யம் இல்லை, இரண்டையும் கட்டிவிடுவேன்.

கேள்விக்குறிக்கும் உணர்ச்சிக்குறிக்கும் முன்னால் தமிழில் எதுவும் தட்ட வேண்டாம். கைபேசியில் சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் அதுவாகவே ஓர் இடம் விட்டுவிடும். அதை அழித்துவிட்டுக் குறியைப் போடுங்கள். பெரிய ஆவணம் என்றால் ‘இடைவெளி, கேள்விக்குறி’ என்று தேடி வெறும் கேள்விக்குறியாக மாற்றலாம். ஒரு நிமிட வேலை.

போட்டது சரியா என்று பார்க்க, வோர்டில் பத்தி அடையாளம் உள்ள பொத்தானை அமுக்குங்கள். சாதாரண இடைவெளி வரி நடுவே ஒரு புள்ளியாகத் தெரியும். உடையாத இடைவெளி சின்ன வட்டமாகத் தெரியும். அந்த மலரின் இரண்டாம் பதிப்பை அச்சுக்கு அனுப்பும் முன், முன்னோர் பட்டியலில் ஒவ்வொரு முன்னெழுத்துக்கும் பக்கத்தில் அந்த வட்டம் இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினேன். இரண்டு பெயரில் விட்டுப்போயிருந்தது.